ரஷ்யப் படைக்கு கரி குடுத்தது யாரு? 1904-05 நடுநிலைத் தகராறு: ஒரு நிகழ்வு ஆய்வு

பால்டிக் கடல்ல இருக்கிற லிபாவ் துறைமுகத்துல கிளம்பி ஆப்பிரிக்காவைச் சுத்தி ஜப்பான் கடல் வரைக்கும் போகணும்னா சுமார் 18,000 கடல் மைல், இந்த மொத்த வழியிலயும் ரஷ்யாவுக்குன்னு சொந்தமா ஒரே ஒரு துறைமுகம் கூட கிடையாது. ஆனா ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் சண்டை நடந்துட்டு இருந்தப்போ, 1904 அக்டோபர் 15 அன்னிக்கு அட்மிரல் ரொஜெஸ்ட்வென்ஸ்கி தலைமையில ஒரு முழு ரஷ்யக் கடற்படையே அந்த வழியில கிளம்புச்சு. எல்லாம் கரி எரிச்சு ஓடுற கப்பல், கரி இல்லன்னா அம்புட்டும் மிதக்கிற இரும்பு. அப்போ கேள்வி ரொம்ப சிம்பிள், வழியில இருக்கிற நாடுங்க எல்லாம் நடுநிலைன்னு அறிவிச்சிட்டாங்க, சண்டைக்குப் போற கப்பலுக்கு அவங்க கரி குடுக்கலாமா கூடாதா?

கேள்விதான் சிம்பிள். பதில் ஒவ்வொரு துறைமுகத்துலயும் ஒவ்வொண்ணா வந்துச்சு. இந்த கேஸை முழுசா படிச்சுப் பாத்தா ஒரு விஷயம் தெளிவா தெரியும், கரியை விக்கலாமான்னு யாருமே சீரியஸா சண்டை போடல. எங்க வெச்சு ஏத்துறாங்க, எவ்வளவு, எவ்வளவு நேரம், அடுத்து எங்க போறாங்க, இதுலதான் அத்தனை சண்டையும். அந்தந்த நாடு யாரைப் பாத்து அதிகமா பயந்துச்சோ அதுக்கு ஏத்த மாதிரி சட்டத்துக்கு அர்த்தம் சொல்லுச்சு.

மொதல்ல கரி எங்கிருந்து வந்துச்சுன்னு பாப்போம். ரஷ்ய அரசாங்கம் ஹாம்பர்க் அமெரிக்கா லைன்னு ஒரு ஜெர்மன் தனியார் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுச்சு, அதை நடத்துனவரு ஆல்பர்ட் பாலின். 3 லட்சம் டன்னுக்கு மேல கரி, சொன்ன தேதியில சொன்ன இடத்துல கரிக்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தணும். அந்தக் காலத்துல ஒரு தனியார் கம்பெனி எடுத்த பெரிய வேலைகள்ல இதுவும் ஒண்ணு. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் கரியில நெறைய வேல்ஸ் நாட்டு கார்டிஃப் கரி. புகை கம்மி, சூடு அதிகம், போர்க்கப்பலுக்கு அதை விட்டா வேற கரி இல்லன்னு எல்லா கடற்படையும் நம்பின சரக்கு. பிரிட்டன் 1902லயே ஜப்பானோட கூட்டணி போட்ட நாடு, அவங்க மண்ணுல வெட்டின கரிதான் ஜப்பானை அடிக்கப் போற கப்பல்ல எரிஞ்சுது. ஜப்பான் அட்மிரல் டோகோவோட கப்பல்கள்லயும் அதே கார்டிஃப் கரிதான், அது வேற.

அப்போ இருந்த சட்டம்

1904ல இதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட எழுத்து வடிவ சர்வதேச சட்டம்னு ஒண்ணும் கிடையாது, அதை மனசுல வெச்சுக்கணும். ஒவ்வொரு நாடும் தன் துறைமுகத்துக்கு தானே ரூல் போட்டுச்சு.

பிரிட்டன் அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரத்துலயே, 1862 ஜனவரியில ஒரு ரூல் போட்டுருச்சு. போரிடுற நாட்டோட கப்பல் 24 மணி நேரத்துக்கு மேல தங்கக்கூடாது, பக்கத்துல இருக்கிற சொந்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு கரி வேணுமோ அவ்வளவுதான் குடுப்பாங்க, அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு எந்த பிரிட்டிஷ் துறைமுகத்துலயும் கரி கிடையாது. படிக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருக்கு வசதின்னு பாருங்க. ஜிப்ரால்டர், மால்டா, ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாத்தையும் கையில வெச்சிருக்கிற நாட்டுக்கு இந்த ரூலால ஒரு நஷ்டமும் இல்ல, அவங்க யாருகிட்டயும் கரி கேக்கப் போறதில்ல. கரி நிலையம் இல்லாத ரஷ்யா, ஜெர்மனி மாதிரி நாட்டுக்குத்தான் இது கழுத்தைப் புடிக்கும்.

பிரான்ஸ் ரூல் வேற மாதிரி. எதிரிகிட்ட புடிச்ச கப்பலைக் கூட இழுத்துட்டு வந்தா மட்டும் நேரக் கட்டுப்பாடு, இல்லன்னா போர்க்கப்பல் எவ்வளவு நாள் வேணா நிக்கலாம், சாப்பாடு, தேவையான ரிப்பேர், எரிபொருள் எல்லாம் எடுத்துக்கலாம், துறைமுகத்தை சண்டைக்கான தளமா மட்டும் ஆக்கக்கூடாது. இந்த 'தளம்'ங்கிற சொல்லு மேலதான் பின்னாடி எல்லாரும் விழுந்து அடிச்சிக்கிட்டாங்க.

அது எங்கிருந்து வந்துச்சுன்னா, 1871 வாஷிங்டன் ஒப்பந்தமும் 1872 ஜெனீவா தீர்ப்பும். அமெரிக்காவோட தென்மாநிலப் படைக்கு பிரிட்டன் இடம் குடுத்ததுக்காக 1.55 கோடி டாலர் கட்டச் சொன்ன அதே வழக்கு. ஷெனண்டோவாங்கிற தென்மாநிலப் போர்க்கப்பல் 1865ல மெல்போர்ன்ல போய் நின்னு கரி ஏத்தினதையும் அங்க எடுத்தாங்க. நடுவர்கள்ல ஒருத்தரான ஸ்குளோபிஸ் சொன்னது சுருக்கமா இதுதான், கரி குடுத்தது மட்டுமே குத்தம் ஆகாது, கூட வேற சூழ்நிலையும் சேர்ந்தாதான் அது தளம் ஆகும். வேற சூழ்நிலைன்னா என்ன? அதுக்கு ஒரு கணக்கு இல்ல. முப்பது வருஷம் கழிச்சு ரஷ்யப் படை அந்த ஓட்டை வழியாத்தான் மொத்தமா போச்சு.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. 1884ல பெர்லின்ல நடந்த ஆப்பிரிக்கா மாநாட்டுல, கரியை போர்த் தடைப்பொருள்னு (எதிரிக்குப் போனா நடுக்கடல்லயே புடிச்சுக்கலாம்ங்கிற சரக்கு) சொல்றதுக்கு நாங்க ஒருநாளும் ஒத்துக்க மாட்டோம்னு அடிச்சுச் சொன்ன நாடு ரஷ்யா. அதே ரஷ்யா 1904 பிப்ரவரியில சண்டை ஆரம்பிச்ச உடனே கரி, நாஃப்தா (ஒரு வகை பெட்ரோலிய எண்ணெய்), ஆல்கஹால் எல்லாம் முழு தடைப்பொருள்னு அறிவிச்சுது, ஜப்பானுக்குப் போற எந்த நடுநிலைக் கப்பல்ல இருந்தாலும் புடிப்போம்னு. அந்த ஜூலையில நைட் கமாண்டர்னு ஒரு பிரிட்டிஷ் வியாபாரக் கப்பலை ரஷ்யாவோட கிழக்குக் கரைத் துறைமுகமான வ்ளாடிவஸ்தோக்ல இருந்த படை மூழ்கடிச்சதும் தடைப்பொருள் ஏத்திட்டுப் போச்சுங்கிற பேர்லதான். இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் தனக்கு வேணும்ங்கிறப்போ நடுநிலைத் துறைமுகம் எல்லாத்துலயும் கரிக்கு வரிசையில நிக்குது. நம்ம ஊர்ல சொல்ற மாதிரி, மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்.

பிரிட்டனும் சும்மா இல்ல. 1904 ஆகஸ்ட்ல மால்டா கவர்னர் ஒரு அறிவிப்பு போட்டாரு, சண்டை நடக்கிற இடத்துக்குப் போற படைக்கு அந்தப் பழைய 'பக்கத்துத் துறைமுகம் வரைக்கும்' அளவு கரி கூட கிடையாதுன்னு. ரூல் மாறல, ஆனா இந்தப் படைக்கு அது பொருந்தாதுன்னு சொல்லியாச்சு. இதை முழு நடுநிலைன்னு சொல்றவங்களுக்கு ஒரு கும்பிடு.

விகோ

கிளம்பி ஒரு வாரத்துலயே வட கடல்ல டாக்கர் பேங்க்ங்கிற இடத்துல அந்தக் கேவலம் நடந்துச்சு. இருட்டுல இங்கிலாந்தோட ஹல் ஊர் மீன்பிடிப் படகுகளை ஜப்பான் டார்பிடோ படகுன்னு நெனச்சு சுட்டுத் தள்ளிட்டாங்க, மீனவர்கள் செத்தாங்க, பிரிட்டன்ல ஜனங்க கொதிச்சாங்க, சண்டையே வந்துரும்ங்கிற நிலைமை. அக்டோபர் 26 அன்னிக்கு நாலு பெரிய போர்க்கப்பலும் ஒரு துணைக்கப்பலும் ஸ்பெயின்ல இருக்கிற விகோவுக்குள்ள நுழைஞ்சப்போ ஜெர்மன் கரிக்கப்பலுங்க ஏற்கனவே அங்க காத்துக்கிட்டு இருந்துச்சு. ஸ்பெயின் அதிகாரிங்க மொதல்ல முடியவே முடியாதுன்னுட்டாங்க, கரிக்கப்பல் மேல போலீஸ் காவல் வேற. ஸ்பெயினைத் திட்டவும் முடியாது, ஆறு வருஷம் முன்னாடிதான் அமெரிக்கா கூட சண்டை போட்டு படையைத் தொலைச்ச நாடு, வெளிய பிரிட்டிஷ் க்ரூஸர்கள் (வேகமான போர்க்கப்பலுங்க) சுத்துது. கடைசியில மாட்ரிட்ல இருந்து உத்தரவு வந்துச்சு, கப்பலுக்கு 400 டன் எடுத்துக்கோ. ஏன் 400? ரஷ்யாவும் கோச்சுக்கக்கூடாது பிரிட்டனும் கோச்சுக்கக்கூடாது, அந்த ரெண்டுக்கும் நடுவுல விழுந்த நம்பராத்தான் எனக்குத் தெரியுது.

டாக்கர், ரெண்டு மடங்கு கரி

பேரு ஒரே மாதிரி இருந்தாலும் இது டாக்கர் பேங்க் இல்ல, மேற்கு ஆப்பிரிக்காவுல பிரான்ஸ் கையில இருந்த துறைமுகம். மொராக்கோவுல இருக்கிற டாஞ்சியர்ல படை ரெண்டா பிரிஞ்சுது, சின்னக் கப்பலுங்க ஃபெல்கர்ஸாம் தலைமையில சூயஸ் வழியா, பெரிசெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்தி. பெரிய கப்பலுங்க நவம்பர் நடுவுல டாக்கர் வந்து சேந்துச்சு, பத்து கரிக்கப்பல் காத்துக்கிட்டு இருந்துச்சு.

பிரான்ஸ் அதிகாரி மொதல்ல நல்லாத்தான் பேசினாரு, கூட்டணி நாடு இல்லையா, 1894லயே ரஷ்யாவும் பிரான்ஸும் ராணுவக் கூட்டணி. அப்புறம் பாரிஸ்ல இருந்து தந்தி, எங்க கடல் எல்லைக்குள்ள கரி ஏத்தக்கூடாது. ஏன்னா பிரான்ஸுக்கு இன்னொரு பக்கமும் கட்டு இருக்கு, 1904 ஏப்ரல்லதான் பிரிட்டனோட சமரச ஒப்பந்தம் போட்டிருக்காங்க. அதோட பிரிட்டன் ஜப்பான் ஒப்பந்தத்துல இருந்த ஷரத்து இன்னும் மோசம், ஜப்பான் ஒரு நாட்டோட சண்டை போடும்போது ரெண்டாவதா ஒரு நாடு எதிர்ப்பக்கம் சேந்தா பிரிட்டன் உள்ள இறங்கணும். கரியைக் குடுத்ததை 'சேந்துட்டாங்க'ன்னு ஜப்பான் எடுத்துக்கிட்டா? வெளியுறவு மந்திரி டெல்காசேவோட தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

தந்தியைக் காட்டினதுக்கு ரொஜெஸ்ட்வென்ஸ்கி என்ன சொன்னாருன்னு ஒரு கதை வரலாறு முழுக்க வருது, உங்க கரைப் பீரங்கி என்னைத் தடுக்கிற வரைக்கும் நான் ஏத்திக்கிட்டே இருப்பேன்னு சொன்னாராம். அங்க சொல்லிக்கிற மாதிரி பீரங்கி ஒண்ணும் இல்ல. கதை அப்படியே நடந்துச்சோ என்னவோ, ஏத்தினது நடந்துச்சு. தந்தி போயி பதில் வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு, அதுதான் இந்தப் பயணம் பூரா அவரோட டெக்னிக்.

எப்படி ஏத்தினாங்கன்னு பாத்தாதான் இந்த சட்டத் தகராறுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு புரியும். ஒரு போர்க்கப்பலுக்கு கிட்டத்தட்ட 2,200 டன், வழக்கமா கொள்ளுறதுக்கு ரெண்டு மடங்கு. கரி அறை நெறைஞ்சதும் மேல்தளத்துல, பீரங்கி நிக்கிற இடத்துல, நடைபாதையில, ஆபீசர் ரூம்ல எல்லாம் மூட்டை மூட்டையா அடுக்கினாங்க. தூசி உள்ள போகக்கூடாதுன்னு ஜன்னல், கதவு எல்லாத்தையும் அடைச்சுட்டு வெப்ப மண்டல வெயில்ல, வாயில பஞ்சைக் கடிச்சுக்கிட்டு ஒரு நாளுக்கு மேல விடாம வேலை. ஒஸ்லியாபியா கப்பல்ல ஒரு லெஃப்டினன்ட் அந்தச் சூட்டுல சுருண்டு செத்துப் போனாரு, பேரு நெலிடோவ், அவரோட அப்பாதான் பாரிஸ்ல ரஷ்யத் தூதர், அதே கரி விஷயமா டெல்காசேகிட்ட போய் உக்காந்து பேசிட்டு இருந்த ஆளு.

ஏன் இவ்வளவு பேராசை? அடுத்த துறைமுகத்துல குடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாது, அதான். பிரிட்டன், ஜப்பான் ரெண்டும் குடுத்த அழுத்தம் இந்தப் படையை நிறுத்தல, ஒவ்வொரு தடவையும் அளவுக்கு மீறி ஏத்த வெச்சுது. தளம் ஆகக்கூடாதுன்னு போட்ட ரூல், கெடச்ச இடத்துல எல்லாம் ரெட்டிப்பா எடுக்கிற பழக்கத்தை உண்டாக்குச்சு.

காபோன்ல கடல் எல்லைக்கு வெளியவே நங்கூரம் போட்டு ஏத்திக்கிட்டாங்க, தகராறு பெரிசா இல்ல. டிசம்பர் 6 அன்னிக்கு போர்ச்சுகலோட அங்கோலாவுல கிரேட் ஃபிஷ் பே. லிம்போபோன்னு ஒரு குட்டி துப்பாக்கிப் படகு வந்து, இது போர்ச்சுகல் கடல், உடனே கிளம்புங்கன்னுச்சு. போர்ச்சுகல் பிரிட்டனோட ரொம்பப் பழைய கூட்டாளி. ரஷ்யத் தரப்போட வாதம், குடாவோட வாய் ரொம்ப அகலம், நாங்க கரையில இருந்து மூணு மைலுக்கு (அப்போ ஒரு நாட்டோட கடல் எல்லை அவ்வளவுதான்) வெளியதான் நிக்கிறோம். குடாவோட எல்லையை எங்கிருந்து அளக்கணும்ங்கிறது இன்னிக்கும் சட்டக் கல்லூரியில ஒரு பாடம், அன்னிக்கு ஒரு சின்னப் படகு கேப்டன் அதை ஒரு கடற்படையோட வாதாட வேண்டியிருந்துச்சு. கோவப்பட்டு போனாரு, இவங்க ஏத்தி முடிச்சுட்டு கிளம்பினாங்க. அடுத்து ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்காவுல அங்ரா பெக்கேனா, ஜெர்மன்காரங்க கண்டுக்கவே இல்ல, காத்துதான் தொல்லை குடுத்துச்சு.

நோசி பே

மடகாஸ்கர் பிரான்ஸோடது. மொதல் திட்டம் தியேகோ சுவாரஸ்னு நல்ல வசதியான துறைமுகம், ஆனா பாரிஸ், அது எல்லார் கண்ணுலயும் படும், ஒதுக்குப்புறமா இருக்கிற நோசி பேக்கு போங்கன்னு தள்ளிவிட்டுச்சு. நடுநிலைன்னா தடுக்கிறது இல்ல, ஓரமா நிக்க வைக்கிறதுங்கிறது பிரான்ஸோட அர்த்தம். 1905 ஜனவரி 9 அன்னிக்கு ரெண்டு பிரிவும் அங்க சேந்துச்சு. அதுக்குள்ள ஜனவரி 2 அன்னிக்கே சீனக் கரையில ரஷ்யா கையில இருந்த கடற்படைத் தளமான போர்ட் ஆர்தர் ஜப்பான்கிட்ட விழுந்துருச்சு, எந்தப் படையைக் காப்பாத்தக் கிளம்பினாங்களோ அந்தப் படையே இல்ல.

அங்கதான் புது சிக்கல், இது எந்த நாட்டுகிட்ட இருந்தும் வரல, கம்பெனிகிட்ட இருந்து. ஹாம்பர்க் அமெரிக்கா லைன் இதுக்கு மேல இந்தியப் பெருங்கடல்ல கூட வர மாட்டோம்னுருச்சு. படையோட ஒட்டிக்கிட்டுப் போற கரிக்கப்பல் நடுநிலைக் கப்பலா, இல்ல எதிரிப் படையோட ஒரு உறுப்பா? ஜப்பான் புடிச்சா என்ன பண்ணும்? பிரிட்டன் ஏற்கனவே தன் கப்பல் முதலாளிகளை எச்சரிச்சிருந்துச்சு, போரிடுற படை பின்னாடியே போய் கடல்ல கரி குடுக்கக் கப்பலை வாடகைக்கு விட்டா 1870 சட்டப்படி குத்தம்னு. பாலின் வியாபாரி, இன்ஷூரன்ஸ் கணக்கு தெரிஞ்சவரு. பீட்டர்ஸ்பர்க்ல பேரம், பெர்லின்ல பேரம், அட்மிரல் நோசி பேல உக்காந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு. ரஷ்யாவுல இருந்து பின்னாடி வர்ற அட்மிரல் நெபகதோவ் படைக்கு காத்திருன்னு மேலிடம் சொன்னதும் சேந்து ரெண்டு மாசத்துக்கு மேல அங்கயே போச்சு, மார்ச் 16 அன்னிக்குதான் கிளம்பினாங்க.

என்னைக் கேட்டா நடுநிலை மீறல்னு யாராவது பிரான்ஸ் மேல வழக்கு போட்டிருந்தா நோசி பேதான் அசல் எவிடன்ஸ். கரி ஏத்தினது மட்டும் இல்ல, பயிற்சி, குறிபாத்து சுடுறது, ரிப்பேர், ரெண்டு பிரிவும் ஒண்ணு சேர்றது, எல்லாம் நடந்துச்சு. ஸ்குளோபிஸ் சொன்ன அந்த 'வேற சூழ்நிலை'க்கு இதை விட எடுத்துக்காட்டு வேணுமா.

இந்தியப் பெருங்கடலைத் தாண்டுறப்போ நடுக்கடல்லயே கப்பலை நிறுத்தி, படகு படகா மூட்டையை இழுத்து பல தடவை கரி ஏத்தினாங்க. அதுக்கு எந்த நாட்டோட அனுமதியும் தேவையில்ல, ஆனா கடல் அமைதியா இருக்கணும். ஏப்ரல் 8 அன்னிக்கு சிங்கப்பூரைத் தாண்டினாங்க, பட்டப்பகல்ல ஊரே வேடிக்கை பாத்துச்சு.

காம் ரான்

ஏப்ரல் 14 அன்னிக்கு பிரான்ஸ் கையில இருந்த இந்தோசீனாவுல (இன்னிக்கு வியட்நாம்) காம் ரான் குடா. இப்போ ஜப்பான் ரொம்பப் பக்கம். மடகாஸ்கர்ல நின்னப்போ எரிச்சலா இருந்தது இங்க பயமா மாறுச்சு, தோக்கியோ பத்திரிகைங்க, எதிர்க்கட்சிங்க எல்லாம் கூட்டணி ஷரத்தைக் கூப்பிடு, பிரிட்டனை இறக்குன்னு கத்த ஆரம்பிச்சாங்க. பாரிஸ்ல ஜப்பான் தூதர் மோட்டோனோ எதிர்ப்பு தெரிவிச்சாரு, லண்டன்ல ஜப்பான் தூதர் ஹயாஷி பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி லான்ஸ்டவுனைப் பாத்தாரு. டெல்காசேவுக்கு நேரமும் சரியில்ல, மார்ச் 31 அன்னிக்குதான் ஜெர்மன் கைசர் டாஞ்சியர்ல இறங்கி மொராக்கோ பிரச்சனையைக் கிளப்பி விட்டிருந்தாரு, பிரிட்டனோட தயவு பிரான்ஸுக்கு இப்போ ரொம்ப தேவை.

பிரெஞ்சு அட்மிரல் த ஜோன்கியேர் டெகார்ட்ங்கிற க்ரூஸர்ல வந்து, ரொம்ப மரியாதையா, 24 மணி நேரத்துல கிளம்பணும்னு அரசாங்கம் கேட்டுக்குதுன்னாரு. ஏப்ரல் 22 அன்னிக்கு போர்க்கப்பல் எல்லாம் வெளிய போச்சு, சரக்குக் கப்பலுங்க உள்ளயே இருந்துச்சு. போர்க்கப்பல் மூணு மைல் கோட்டுக்கு வெளிய மெதுவா மேலயும் கீழயும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கரியை எரிச்சுக்கிட்டு. எழுத்துப்படி பாத்தா பிரான்ஸ் சொன்னதை அப்படியே கேட்டாச்சு. நாலு நாள் கழிச்சு வடக்கால வான் ஃபோங் குடாவுக்குள்ள நுழைஞ்சாங்க. கண்டுபிடிச்சு மறுபடியும் கிளம்பச் சொல்ல நாளாச்சு. மே 9 அன்னிக்கு நெபகதோவ் வந்து சேந்தாரு, மே 14 அன்னிக்கு எல்லாரும் வடக்க கிளம்பினாங்க. தகராறு தீர்ந்ததுக்குக் காரணம் சட்டம் இல்ல, படை போயிருச்சு, அவ்வளவுதான்.

பிரான்ஸ் சொன்ன நியாயத்தை முழுசா தள்ளிடவும் முடியாது. எங்க ரூல்ல 24 மணி நேரம் கிடையாது, அது பிரிட்டனோட ரூல், அதை உலக ரூல்னு யாரு சொன்னது? 1885ல சீனாவோட நாங்க சண்டை போட்டப்போ பிரிட்டன் தன் துறைமுகங்கள்ல எங்களுக்கு கரியை மறுத்துச்சு, அது அவங்க இஷ்டம், இது எங்க இஷ்டம். சட்டமா பாத்தா வாதம் நிக்கும். ஆனா நேரக் கட்டுப்பாடு இல்லங்கிறது வேற, நாப்பது கப்பலுக்குக் கிட்ட இருக்கிற ஒரு படை சண்டைக்குப் போற வழியில வாரக்கணக்கா கூடி நிக்கிறது வேற. தனிக் கப்பலுக்காக யோசிச்ச ரூலை ஒரு முழு படைக்கு நீட்டினதுதான் பிரான்ஸ் வாதத்துல இருந்த ஓட்டை.

ஜப்பானையும் ரொம்பப் புனிதமா பாக்க வேண்டாம், 1904 ஆகஸ்ட்ல சீனாவோட நடுநிலைத் துறைமுகமான சீஃபூவுக்குள்ளயே புகுந்து ரெஷித்தெல்னிங்கிற ரஷ்யக் கப்பலை இழுத்துட்டுப் போனது அவங்கதான்.

மே 27, 28 அன்னிக்கு ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவுல சுஷிமா சண்டை. கதை எல்லாருக்கும் தெரியும், ரஷ்யப் படை அழிஞ்சுது. கரிச்சுமையால கப்பல் தண்ணிக்குள்ள ரொம்ப இறங்கி இருந்துச்சு, பக்கவாட்டுக் கவசத்தோட முக்கியமான பாகம் தண்ணிக்கு அடியில போயிருந்துச்சு. டாக்கர்ல ஆரம்பிச்ச அந்த ரெண்டு மடங்குப் பழக்கம் அங்க வந்துதான் முடிஞ்சுது. அது ஒண்ணாலதான் தோத்தாங்கன்னு சொல்லல, மத்த காரணமும் நெறைய இருக்கு.

தப்பிச்ச மூணு க்ரூஸர், ஒலெக், அரோரா, ஜெம்சுக், அட்மிரல் என்க்விஸ்ட் தலைமையில ஜூன் 3 அன்னிக்கு மணிலா போய் சேந்துச்சு, அப்போ அது அமெரிக்கா கையில. வாஷிங்டன் பதில்ல வளவளன்னு ஒண்ணும் இல்ல. சண்டையில வாங்கின அடியை இங்க ரிப்பேர் பண்ண முடியாது, கரியும் சாப்பாடும் எடுத்துக்கிட்டு 24 மணி நேரத்துல வெளிய போ, இல்லன்னா ஆயுதத்தை இறக்கிட்டு சண்டை முடியிற வரைக்கும் இங்கயே இரு. இருந்துட்டாங்க. ஏழு மாசமா பாதி உலகத்துல யாராலயும் சொல்ல முடியாததை அமெரிக்கா சொல்லிருச்சு, ஆனா அதை அடிபட்டு வந்த மூணு கப்பல்கிட்ட சொல்றது சுலபம். அதே கண்டிஷனை நோசி பேல சொல்லியிருக்கணும்னா பிரான்ஸுக்கு ஒரு கடற்படையும் வேணும், ஒரு கூட்டணியை முறிக்கிற தைரியமும் வேணும்.

ஹேக்ல என்ன எழுதினாங்க

1907ல ரெண்டாவது ஹேக் மாநாடு, 13ஆவது ஒப்பந்தம். இந்தப் படை போன வழி பூரா அதுல தெரியும். நடுநிலை அரசாங்கம் நேரடியாவோ மறைமுகமாவோ போர்ச்சாமான் குடுக்கக்கூடாது, ஆனா தனியார் ஏற்றுமதி பண்றதைத் தடுக்கணும்னு கட்டாயம் இல்ல, அதாவது பாலின் மாதிரி ஆளுங்களைத் தொடல. வேற சட்டம் இல்லாத இடத்துல போர்க்கப்பல் தங்க 24 மணி நேரம். ஒரே நேரத்துல மூணு போர்க்கப்பலுக்கு மேல கூடாது, இதுலயும் அந்த 'வேற சட்டம் இல்லன்னா' உண்டு, இருந்தாலும் இந்த ஷரத்தைப் படிக்கும்போது காம் ரான் ஞாபகம் வராம இருக்காது.

எரிபொருளுக்கு 19ஆவது ஷரத்து. சொந்த நாட்டுல பக்கத்துல இருக்கிற துறைமுகத்துக்குப் போற அளவு. அல்லது, அந்த நடுநிலை நாட்டோட வழக்கம் அப்படி இருந்தா, கரி அறை நெறையிற அளவு. இந்த 'அல்லது'க்குள்ள மொத்த தகராறும் அப்படியே உக்காந்திருக்கு, ஒரு பக்கம் பிரிட்டன் கேட்டது, இன்னொரு பக்கம் கரி நிலையம் இல்லாதவங்க கேட்டது, ரெண்டையும் போட்டு மூடிட்டாங்க. பிரிட்டனும் ஜப்பானும் இந்த ஷரத்தை ஏத்துக்கலன்னு தனியா எழுதி வெச்சுட்டுதான் கையெழுத்து போட்டாங்க. இன்னொண்ணு, மடகாஸ்கர்ல நிக்கிற பால்டிக் படைக்கு பக்கத்து சொந்தத் துறைமுகம் எது? கருங்கடல்ல இருக்கிற ஒடெஸாவா? துருக்கி ஜலசந்தி போர்க்கப்பலுக்கு மூடியிருக்கு. வ்ளாடிவஸ்தோக்னு சொன்னா அது சண்டை நடக்கிற இடம். அளவுகோல் அங்க வேலையே செய்யாது. 20ஆவது ஷரத்து, ஒரு நாட்டோட துறைமுகத்துல எரிபொருள் எடுத்தா மூணு மாசத்துக்கு அதே நாட்டுல மறுபடி எடுக்கக்கூடாது. பிரான்ஸ் துறைமுகமா பாத்துப் பாத்து நின்னுட்டுப் போன படையை மனசுல வெச்சு எழுதினதுன்னு சொன்னா நம்பலாம், ஆனா ரூல் பிரிட்டனோட 1862 ரூல்தான். ஜெர்மனி இதை ஏத்துக்கல.

1914ல ஜெர்மனிக்கே அந்த நிலைமை வந்துச்சு. சென்னையை சுட்ட எம்டன் கப்பலுக்குப் பின்னாடி கரி சுமந்துட்டு வந்த மார்க்கோமானியா யாரோடதுன்னு பாத்தா, ஹாம்பர்க் அமெரிக்கா லைன். மணிலாவுல தங்கித் தப்பிச்ச அந்த ஜெம்சுக்கை 1914 அக்டோபர் 28ல பினாங்குல மூழ்கடிச்சதும் எம்டன்தான், வரலாறுல இப்படியும் கோர்வை வரும். அதுக்கு முன்னாடி டச்சு தீவுகள்ல (இன்னிக்கு இந்தோனேசியா) ட்ரோம்ப்ங்கிற டச்சுப் போர்க்கப்பல் எம்டனை நிறுத்தி ரூலை எடுத்துச் சொல்லி அனுப்பியிருந்துச்சு.

அதே கம்பெனியோட நியூயார்க் ஆபீஸ், அட்லாண்டிக்ல சுத்துற ஜெர்மன் க்ரூஸர்களுக்கு கரியும் சாப்பாடும் அனுப்ப ஒரு டஜன் கப்பலை வாடகைக்கு எடுத்துச்சு, 14 லட்சம் டாலர் செலவுன்னு கணக்கு வந்துச்சு. சுங்கத்துல குடுத்த பேப்பர்ல வேற ஏதோ துறைமுகம் போறதா எழுதி, நடுக்கடல்ல போய் க்ரூஸரைப் பாக்கிறது. 1915 டிசம்பர்ல கம்பெனி நிர்வாகி கார்ல் பூன்ஸும் கூட இருந்த மூணு பேரும் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு, பூன்ஸுக்கு 18 மாசம் ஜெயில். தண்டனை எதுக்குன்னு பாருங்க, போர்க்கப்பலுக்கு கரி அனுப்பினதுக்கு இல்ல, அமெரிக்கச் சட்டப்படி ஒரு வியாபாரி அதை வெளிப்படையா அனுப்பியிருந்தா பெரிசா ஒண்ணும் ஆகியிருக்காது. கப்பல் எங்க போகுதுன்னு சுங்க அதிகாரிகிட்ட பொய் சொன்னதுக்குத்தான்.